பணம் போடுபவர், பயன்படுத்துபவர், வேலையை நடத்துபவர்: மாற்றத்துக்கு யார் ‘சரி’ சொல்வது?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. 2022-இல் அவர்களுக்குப் பில்லிங்கும் இருப்புக் கணக்கும் புதிதாகச் செய்துதரும் வேலை எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வந்தது. பணம் போடுபவர் அண்ணாச்சி. தினமும் அதில் உட்காரப்போவது கணக்கரும், பில் போடும் பெண்களும், கிட்டங்கியில் மூட்டை எண்ணுபவரும். ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பெயரில் நடுவில் நான். இவர்களுக்குள் பொறுப்பை எப்படிப் பிரிப்பது என்று மூன்று முறைகளை வைத்துப் பார்த்தோம்: ரேசி அட்டவணை, ஸ்க்ரம், பிரின்ஸ்2. எடுத்தது மூன்றாவதை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

ரேசி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அதைச் செய்பவர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார், யாரைக் கலந்துகொள்வது, யாருக்குத் தெரிவித்தால் போதும் என்று நான்கு வகை. ஒரு வரிக்குப் பதில் சொல்பவர் ஒருவர்தான் இருக்கலாம் என்பதே இதன் உயிர். ஒரே உட்காரலில் போட்டுவிடலாம், செலவில்லை. ஆனால் அட்டவணையில் இருப்பது நமக்கு முன்பே தெரிந்த வேலைகள் மட்டும். புதிதாக ஒன்று முளைத்தால் அதற்கு வரியே இருக்காது. இன்னொன்று, மரியாதைக்காக எல்லாரையும் ‘கலந்துகொள்ள வேண்டியவர்’ பட்டியலில் சேர்த்துவிடுவோம். அண்ணாச்சியின் மச்சான் வரைக்கும் அதில் வந்துவிடுவார்.

ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்துகொண்டே போகும் முறை. அதில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பொறுப்பே கிடையாது. எது வேண்டும், எது முதலில் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர், முறை பிசகாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர், செய்துதரும் டெவலப்பர்கள், அவ்வளவுதான். ப்ராடக்ட் ஓனர் ஒரே ஆள், குழு அல்ல, அவர் முடிவை நிறுவனம் முழுக்க மதிக்க வேண்டும் என்று ஸ்க்ரமின் 2020 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. எங்கள் சிக்கல் அந்த ஒரே ஆள் யார் என்பதில்தான். அண்ணாச்சிக்குத் திரையில் என்ன வேண்டும் என்று சொல்லப் பொறுமை இல்லை. கணக்கருக்கு எல்லாம் தெரியும், ஆனால் காசு விஷயத்தில் வாய் திறக்க மாட்டார். மகன் ஆர்வமாக இருந்தார், ஆனால் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய முடிவு அன்றைக்கே மாறிவிடும்.

பிரின்ஸ்2 பிரிட்டிஷ் அரசு நிறுவனம் ஒன்று 1996-இல் வெளியிட்ட முறை. பெயரைக் கேட்டால் பெரிய அலுவலகத்துக்கானது போலத் தெரியும்; அதன் காகிதங்களில் பெரும்பகுதியை நாங்கள் தொடவே இல்லை. எடுத்துக்கொண்டது ப்ராஜெக்ட் போர்டு என்ற மேல்குழுவை மட்டும். அதில் மூன்று நாற்காலி. எக்ஸிக்யூட்டிவ் என்பவர் பணத்துக்கும் பலனுக்கும் பொறுப்பு. இந்த நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும், கடைசிச் சொல்லும் அவருடையதே. இது எங்களுக்கு அண்ணாச்சி. சீனியர் யூசர் பயன்படுத்துபவர்கள் சார்பில் பேசுபவர். ஒன்றுக்கு மேற்பட்டவர் இருக்கலாம். கணக்கரோடு மகனையும் இதில் உட்கார வைத்தோம். சீனியர் சப்ளையர் செய்துதருபவர் சார்பில் இருப்பவர். எங்கள் டெக்னிக்கல் ஹெட். ப்ராஜெக்ட் மேனேஜருக்கு இந்தக் குழுவில் இடம் இல்லை. குழு வகுத்துக் கொடுத்த எல்லைக்குள் அன்றாட வேலையை நடத்துவதே அவர் பாடு. அந்த எல்லைக்கு டாலரன்ஸ் என்று பெயர். நாங்கள் வைத்துக்கொண்டது ஒரு வாரத் தாமதம், ஐந்து சதவீதக் கூடுதல் செலவு. அதற்குள் என்றால் நானே முடிவெடுப்பேன். தாண்டும் என்று தெரிந்தால், தாண்டுவதற்கு முன்பே குழுவிடம் போக வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒரே விஷயம்: பாதி வேலையில் வரும் மாற்றம். தொடக்கத்தில் எல்லா முறையும் அழகாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு அந்த மாற்றம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தது, ஜூலை 18-ஆம் தேதி அமலுக்கும் வந்துவிட்டது. 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்கு, பிராண்டு இல்லாவிட்டாலும் 5 சதவீத வரி. அதற்கு மேல் எடையிருந்தால் இந்த வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை தமிழ்நாடு முழுக்கப் பரவியது இதனால்தான். அதற்காகப் பத்துக் கிலோ பைகளைச் சேர்த்து ஒரு பெரிய சாக்கில் கட்டித் தப்பிக்கவும் முடியாது; உள்ளே இருக்கும் பை ஒவ்வொன்றும் தனிப் பொட்டலம்தான்.

நாங்கள் வடிவமைத்திருந்ததில் ஒரு பொருளுக்கு ஒரு வரி விகிதம். இப்போது ஒரே பொன்னி அரிசிக்கு மூட்டை எடையைப் பொறுத்து வரி மாற வேண்டும். கணக்கர் 25 கிலோவுக்கும் 26 கிலோவுக்கும் தனித்தனிப் பொருள் எண் (code) வேண்டும் என்றார், மாதக் கடைசியில் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம் என்று. பில் போடும் பெண்களோ, எடையைத் தட்டினால் வரி தானாக வர வேண்டும், கூட்டம் நிற்கும்போது எங்கே பொருள் எண் தேடுவது என்றார்கள். எது செய்தாலும் என் ஒரு வாரத்தைத் தாண்டும்.

ரேசி அட்டவணையில் இந்த வேலைக்கென்று வரிசையே இல்லை என்பதால் யாரிடம் போவது என்பதிலேயே நின்றிருப்போம். ஸ்க்ரமில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் உச்சியில் ஏற்றி உடனே தொடங்கியிருக்கலாம். எங்களை விட வேகமாகவே முடிந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுடையது மொத்தத் தொகை பேசிய ஒப்பந்தம். கூடுதல் வேலைக்குக் காசு யாருடையது என்ற கேள்விக்கு ஸ்க்ரம் வழிகாட்டியில் பதில் கிடையாது.

பிரின்ஸ்2 எனக்குக் கைகொடுத்தது இங்கேதான். அதன் 2017 பதிப்பு, எழும் எதையும் மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது: மாற்றக் கோரிக்கை, பேசியபடி அமையாதது, மற்ற பிரச்சினைகள். யார் தலையில் செலவு என்பதை அது சொல்லவில்லை. அதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். பேசியபடி அமையாதது எங்கள் செலவு, மாற்றக் கோரிக்கை கடையின் செலவு. வரி மாற்றம் எந்த வகை என்று கேட்டதும் அண்ணாச்சி, “சட்டம் மாறினதுக்கு நான் ஏன் தம்பி காசு குடுக்கணும்?” என்றார். நியாயமான கேள்விதான். நாங்களும் மாற்றவில்லையே என்று டெக்னிக்கல் ஹெட் சொன்னார். இரண்டு வழிக்கும் ஆகும் நாளையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். எடையைப் பார்த்துத் தானாக வரி போடுவது, கணக்கருக்கு மட்டும் தனி அறிக்கை என்று யூசர் தரப்பு ஒத்துப்போனது. அண்ணாச்சி தொகையைக் கொஞ்சம் குறைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே சாயங்காலத்தில் முடிந்தது.

அதே முறை மகனையும் கட்டுப்படுத்தியது. அதற்கு முன் அவர் நேராக டெவலப்பருக்கே போன் போட்டு, பாக்கித் தொகை வாட்ஸ்அப்பில் போகட்டும், பில்லில் லோகோ பெரிதாகட்டும் என்பார். டெவலப்பரும் முகம் முறிக்க முடியாமல் செய்து கொடுத்துவிடுவார். யூசர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் கேட்பதும் மாற்றப் பதிவேட்டில் ஏறியது. எதிரில் செலவு எழுதியிருப்பதைப் பார்த்ததும் பாதியை அவரே வேண்டாம் என்றார்.

குறை இல்லாமல் இல்லை. அண்ணாச்சி ஊரில் இல்லாவிட்டால் வேலை நிற்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் யாரையும் பிடிக்க முடியாது. பெரிய மேல்குழுக்களில், அரசு டெண்டர்களில் இது எப்படி ஓடும் என்று என்னால் சொல்ல முடியாது, நான் உள்ளே இருந்து பார்த்ததில்லை. முடிவு தேதி இல்லாமல் வளர்ந்துகொண்டே போகும் ஒரு பொருளுக்கு இது பாரமாகத்தான் இருக்கும்.

இப்போது மகன், சில்லறைக் கடைக்காரர்கள் ஆர்டர் போட மொபைல் ஆப் வேண்டும் என்கிறார். அதற்கு ஸ்க்ரமைத்தான் சொல்லியிருக்கிறேன், மாதக் கட்டணத்தில். ப்ராடக்ட் ஓனர் மகன் ஒருவரே என்று அண்ணாச்சி எழுதித் தந்தால் தொடங்கலாம். இன்னும் தரவில்லை.