ஜர்னல் பேப்பர் செய்து தரும் ராம்நாட் கடை: டேபிளைக் கொடுக்கலாம், பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடையைப் பற்றியது இது. பெயரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் பாராட்டுவதோடு சேர்த்துத் திட்டவும் போகிறேன். தீசிஸ் பைண்டிங்குக்கு மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் முழுக்க ஆட்கள் வருகிற கடை. இப்போது ‘ஜர்னல் பேப்பர் தயாரித்து சப்மிட் செய்து தரப்படும்’ என்று வாசலில் ஃபிளெக்ஸும் கட்டிவிட்டார்கள். காரங்காட்டு அலையாத்தி பற்றிய என் பேப்பர் ஒன்று வனவியல் ஜர்னலுக்குப் போக வேண்டியிருந்தது, அதை அங்கே கொடுத்துப் பார்த்த அனுபவம்தான் இந்த ரிவ்யூ. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்குக் கதை வேறாக இருக்கலாம்.

முதலில் நல்லது. அங்கே டைப் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார், அவருக்காகவே போகலாம். சேற்றில் நின்று பென்சிலில் எழுதிய ஃபீல்டு நோட்டு, உப்புத் தண்ணீர் பட்டுப் பாதி எழுத்து மங்கிப்போனது, அதைப் பார்த்துச் சுற்றளவு, உயரம், நாற்று எண்ணிக்கை எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றி, அப்புறம் வேர்டில் ஒழுங்கான டேபிளாகப் போட்டுத் தந்தார். டேபிளைப் படமாக ஒட்டுகிற பழக்கமோ ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் பத்தி பிரிக்கிற பழக்கமோ அவரிடம் கிடையாது. நடுவில் நிறுத்தி, “தம்பி, மத்த மரத்துக்கெல்லாம் 1.37 மீட்டர்னு போட்டுட்டு இந்தச் சுரபுன்னைக்கு மட்டும் வேற எழுதியிருக்கீங்களே, சரிதானா?” என்று கேட்டார். சரிதான். மற்ற மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து அந்த 1.37 மீட்டர் உயரத்தில் அளப்போம், சுரபுன்னைக்கோ முட்டுவேர்கள் தண்டின் மேலேயிருந்தே இறங்கும், அதனால் மேலே இருக்கும் கடைசி முட்டுவேருக்கு 30 சென்டிமீட்டர் மேலேதான் டேப்பைச் சுற்ற வேண்டும். அக்கா கேட்ட அதே கேள்வியை, ஜர்னலுக்காகப் பேப்பரைப் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவரும் கேட்பார், ஆகவே எப்படி அளந்தோம் என்று சொல்லும் மெத்தட்ஸ் பகுதியில் அதற்கென்று ஒரு வரி இருந்தாக வேண்டும். நம் நாட்டு வனத்துறை வழக்கம் 1.37 மீட்டர், வெளிநாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் 1.3 மீட்டர், எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்லாமல், மரத்தின் எடையைக் கணக்கிடும் பயோமாஸ் சமன்பாட்டில் எண்ணைத் தூக்கிப் போட்டால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

படங்கள் விஷயத்தில் கடை பாதிதான் தேறும். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும், ஜர்னல் கேட்கிற 300 டிபிஐ தெளிவு அப்புறம் எங்கிருந்து வரும்? பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலேயே டாக்குமென்டாக அனுப்புங்கள். மேப் கேட்டால் கூகுள் மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதன் மேல் சிவப்பு வட்டம் போட்டுத் தருகிறார்கள், அதற்கும் தனியாகக் காசு. அளவுகோல் இல்லை, வடக்கு அம்புக்குறி இல்லை, அட்சரேகை தீர்க்கரேகை இல்லை. மேப் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம்தான், கொஞ்சம் உட்கார்ந்து பழகினால் நீங்களே போட்டுவிடலாம். இன்னொன்று, நம் பக்கம் பாக் விரிகுடாவைக் காட்டும் மேப்பில் எல்லைக்கோடும் வந்துவிடும். இந்தியா, இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் முடிவான விஷயம், இந்திய ஜர்னல்கள் சர்வே ஆஃப் இந்தியா காட்டும் எல்லையைத்தான் ஏற்கும். நெட்டில் கிடைத்த ஏதோ ஒரு மேப்பை ஒட்டி அனுப்பிவிட்டு எடிட்டருக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி யாரும் கவனிக்காத ஒன்று. கடையில் அடித்த வேர்டு ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள், ஆத்தர் என்ற இடத்தில் கடையின் பெயர் இருக்கும்! பழைய தீசிஸ் ஃபைலையே திறந்து அதன் மேல் அடிக்கிறார்கள் என்றால் முன்பின் தெரியாத ஒரு மாணவியின் பெயர்கூட இருக்கும். இரு பக்கமும் பெயர் மறைத்து ரிவ்யூ செய்யும் ஜர்னலுக்கு இதை அப்படியே அனுப்பினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? வேர்டிலேயே டாக்குமென்ட் இன்ஸ்பெக்டர் இருக்கிறது, இரண்டு கிளிக்கில் அழித்துவிடலாம். ஓனர் அண்ணனிடம் சொன்னேன், “இதையெல்லாம் யாரு சார் பாக்கப் போறா” என்றார். பார்ப்பார்கள் அண்ணே.

அந்தப் பழைய ஃபைல் பழக்கத்தால் வரும் தொல்லை இதோடு முடியவில்லை. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் தாவரக் குடும்பம் வெர்பினேசியே என்று ஏதோ பழைய தீசிஸில் இருந்ததை அப்படியே வைத்திருந்தார்கள், அது அகாந்தேசியேவுக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சாய்வெழுத்து பாதி அறிவியல் பெயர்களுக்கு இருந்தது, மீதிக்கு இல்லை. அவிசென்னியா மரினா என்ற அறிவியல் பெயருக்குப் பின்னால் வரும், பெயர் வைத்தவர்களின் பெயர்ச் சுருக்கம், அந்த அடைப்புக்குறியோடு வருவது, அதை யாரோ டைப்பிங் பிழை என்று நினைத்து எடுத்தே விட்டிருந்தார்கள். சீமைக்கருவேலத்தை 2022இல் நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், நம் குடைபோல் விரியும் உடைமரம் அகேசியாவிலிருந்து வச்செல்லியாவுக்குப் போய்விட்டது. பழைய பெயரை எழுதினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் முதல் தடவை வரும் இடத்தில் புதுப் பெயரையும் சேர்த்துக் குறிப்பிட்டுவிட்டால் ஒரு சுற்று ரிவ்யூ மிச்சம். இதெல்லாம் டிடிபி கடைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லைதான், அப்படியானால் ‘பேப்பர் தயாரித்துத் தரப்படும்’ என்று எழுதி வைத்திருக்கக் கூடாது.

தமிழ் ஃபான்ட் வேறு. உள்ளூர்ப் பெயர்களைத் தமிழில் ஒரு பத்தியாகக் கொடுத்திருந்தேன், அலையாத்தி, உமரி, பூவரசு என்று. கடையில் அதை வானவில் அவ்வையாரில் அடித்தார்கள், அவர்கள் சிஸ்டத்தில் அழகாகத் தெரிந்தது, என் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொத்துப் புரோட்டா. யூனிகோடில் அடிக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ரெஃபரன்ஸ் வேலையை இங்கே கொடுக்கவே வேண்டாம். ஒவ்வொன்றாகக் கையில் அடிக்கிறார்கள், வால்யூம் இருக்கும் இடத்தில் இஷ்யூ நம்பர், ஆண்டு அடைப்புக்குள் ஒரு இடத்தில், வெளியே ஒரு இடத்தில். ஜொட்டேரோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, வெளியான ஒவ்வொரு பேப்பருக்கும் தரப்படும் டிஓஐ எண்ணைப் போட்டால் விவரங்களை அதுவே இழுத்துவரும், ஜர்னலுக்கு ஏற்ற ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் மொத்தப் பட்டியலும் மாறிவிடும். ஒரு ஜர்னல் திருப்பி அனுப்பி இன்னொன்றுக்கு அனுப்பும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ஃபிளெக்ஸில் சின்ன எழுத்தில் ‘சிமிலாரிட்டி குறைத்துத் தரப்படும்’ என்று, அதாவது பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையைக் குறைப்பதாக, ஒன்று இருக்கிறதே, அதன் பக்கமே போகாதீர்கள். ஏதோ சாஃப்ட்வேரில் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் மாற்றுகிறார்கள். தெரிந்த ஒருவர் பேப்பரில் கார்பனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இடத்தைச் சொல்லும் ‘கார்பன் சிங்க்’ என்பது ‘கார்பன் வாஷ்பேசின்’ ஆகி வந்தது, சிரித்து முடிக்கவே நேரம் ஆனது. தீசிஸுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை எதுவும் கிடையாது, அதற்குப் போய் இந்த வித்தை தேவையா? மெத்தட்ஸ் பகுதியைச் சொந்த நடையில் எழுதிவிட்டாலே பாதி குறைந்துவிடும்.

அப்புறம் அந்தப் பேக்கேஜ். அண்ணன் மேசைக்குக் கீழே இருந்து ஒரு லிஸ்ட் எடுத்து, ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உள்ள ஜர்னல் என்றால் இவ்வளவு, யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது என்றால் இவ்வளவு, ஒரு வாரத்தில் அக்செப்டன்ஸ் என்று பாம்பன் மீன் ஏலம் மாதிரி விலை சொல்கிறார். யுஜிசி கேர் பட்டியலை யுஜிசியே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, அவர் லிஸ்டில் இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பிஎச்.டி.க்குப் பேப்பர் கட்டாயம் என்ற விதியையும் யுஜிசி 2022இலேயே எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருந்தால்தான் உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். காட்டைப் பற்றிய பேப்பருக்கு நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. டேராடூனிலிருந்து வரும் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ 1875இல் ஆரம்பித்தது, இன்னும் மாதாமாதம் வருகிறது. செடி, விலங்கு, வாழிடம் சார்ந்த குறிப்பு என்றால் கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்சா’ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ரிவ்யூவுக்கு மாதக்கணக்கில் ஆகும்தான். ஒரு வாரத்தில் அக்செப்ட் செய்கிறார்கள் என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சப்மிஷனை ஏன் கடையில் விடக் கூடாது என்றால், அவர்கள் ஜர்னல் தளத்தில் கடையின் ஈமெயிலைக் கொடுத்துத்தான் அக்கவுன்ட் திறக்கிறார்கள். ரிவ்யூவர் கருத்து அங்கே போகும், திருத்த வேண்டிய கெடு அங்கே போகும், அண்ணன் கல்யாணப் பத்திரிகை ஆர்டரில் பிசியாக இருப்பார். இப்படிக் கெடு தாண்டிப்போன ஒருவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார். தளத்தில் கேட்பது பெரிய வித்தை இல்லை: தலைப்பு, சுருக்கம், கீவேர்டு, எல்லா ஆசிரியர்களின் விவரம், கவர் லெட்டர், ஃபைல்கள், அவ்வளவுதான். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் 16 இலக்கம், இலவசம், சொந்த ஈமெயிலில் எடுங்கள். நான் அக்காவிடம் டேபிளை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து அனுப்பினேன்.

கடையின் கவர் லெட்டர் மாதிரியில் ‘வேறெங்கும் அனுப்பப்படவில்லை’ என்ற வரி இருக்கிறது, அனுமதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, அந்த 21 தீவுகளில் ஆய்வு செய்யக் கால் வைப்பதற்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தக் கடித எண்ணை எடிட்டர் கேட்பார். அதில் ஒன்றான குருசடைத் தீவில் நாற்று எண்ணிவிட்டு அனுமதி எண் இல்லாமல் பேப்பர் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

டேபிளுக்குப் பக்கக் கணக்கில் காசு, மதுரையை விடக் குறைவு, திருத்தம் எத்தனை தடவை கேட்டாலும் அக்கா முகம் சுளிப்பதில்லை. ஏப்ரல், மே தீசிஸ் சீசன், அப்போது போனால் வெளியே நின்றே பொழுது போகும். ஐந்துக்கு மூன்று ஸ்டார், மூன்றும் அக்காவுக்கு. கலர் பிரிண்டை மட்டும் வேறு கடையில் எடுங்கள், இங்கே பாக் விரிகுடா பச்சையாகவும் அலையாத்தி கறுப்பாகவும் வருகிறது.