பனிக்காட்டில் ஒரு புது டாக்டர்

அந்தியூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். 'எ யங் டாக்டர்ஸ் நோட்புக்' தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். 2012இல் வந்த பிரிட்டிஷ் தொடர். முதல் பருவம் நாலே பாகம். மூலக்கதை ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவ் எழுதியது. அவரே ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் பக்கம் கிராமத்து டாக்டராக இருந்தவர்.

1917. படிப்பை முடித்த கையோடு ரஷ்யப் பட்டிக்காட்டுக்கு வந்து சேர்கிறார் புது டாக்டராக நடிக்கும் டேனியல் ராட்கிளிஃப். பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடக்கிறது. இவர் தன் அறைக்கு ஓடிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். அந்தப் பதற்றம் அப்படியே உண்மை. பர்கூர் மலையிலிருந்து ராத்திரி ஜீப்பில் வலியோடு வரும் பெண்ணைத் தொடப் புது டாக்டர் தயங்கும்போது, "நீங்க பாருங்க சார், நான் பக்கத்துலயே இருக்கறனுங்க" என்று சொல்ல ஒரு மூத்த நர்ஸ் வேண்டும்.

கால் வெட்டும் காட்சியில் ரம்பத்தை இழுத்து இழுத்து ராட்கிளிஃப் படும் பாட்டில் சிரிப்பும் குமட்டலும் சேர்ந்தே வருகின்றன. அப்புறம், அதே டாக்டர் வயதான பிறகு எப்படி இருப்பார் என்று காட்ட வரும் ஜான் ஹாம் அருமை. வலி மருந்தான மார்ஃபினுக்கு டாக்டர் அடிமையாகும் பகுதிதான் அவசரமாக ஓடுகிறது. இன்னும் ஒரு பாகம் கொடுத்திருக்கலாம். நர்சிங் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் பாருங்கள்.