ஒரே நிறத்தில் இரண்டு மாத்திரைகள்

லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தால் எனக்கு முதல் வேலை தேக்காவில் தோசை சாப்பிடுவதுதான். இந்த முறை அதற்கும் முன்னால் அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். மருந்து தீரும் நேரம்.

மருத்துவரைப் பார்த்தது பத்து நிமிஷம். மருந்தகத்தில் காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கூட்டம் அப்படி. கவுண்டரில் பெயர், ஐசி (அடையாள அட்டை), மருந்து ஒவ்வாமை எல்லாம் கேட்டுத்தான் கொடுத்தார்கள். லேபிளிலும் அம்மாவின் பெயர், மருந்து, அளவு, தேதி எல்லாம் சரியாகவே இருந்தன. வாரம் ஒரு முறை 4 மாத்திரை என்று ஆங்கிலத்தில் இருந்தது. எந்தக் கிழமை என்று மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மேசையில் உட்கார்ந்து புதிய மாத்திரைகளைப் பழைய பைகளுக்குள் கொட்ட ஆரம்பித்தார்.

"என்னம்மா செய்யுற?"

"இதுலதான்டா பேரன் தமிழ்ல எழுதிக் கொடுத்திருக்கான். புதுசு எல்லாம் இங்கிலீஷு."

பழைய பையின் லேபிள் எட்டு மாதத்துக்கு முந்தையது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுவல்ல. தட்டில் கிடந்த மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராமும் சின்ன மஞ்சள் மாத்திரை, ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராமும் சின்ன மஞ்சள் மாத்திரை. முதலாவது செவ்வாய்க்கிழமை மட்டும் நான்கு. இரண்டாவது, அதன் பக்கவிளைவுகளைக் குறைக்க, வெள்ளிக்கிழமை ஒன்று. பை மாறி, மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் வாயில் புண் வரும், இரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. வெறுங்கையால் அள்ளிக் கொட்டுகிற மருந்தும் இல்லை அது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல், நோயாளியோடு பேசிக் கிழமையை முடிவு செய்து, சுருக்காமல் முழுதாக எழுதச் சொன்னது.

மறுநாள் பைகளோடு மருந்தகத்துக்கே திரும்பப் போனோம். சலித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மருந்தாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் கிழமையைச் சேர்த்துப் புது லேபிள் அடித்து ஒட்டினார். அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவர் 'செவ்வாய் மட்டும், 4' என்று தடித்த பேனாவால் பெரிதாக எழுதி, பழைய பைகளை வாங்கிக்கொண்டார். அதோடு விடவில்லை.

"எப்போ சாப்பிடுவீங்க ஆண்ட்டி? நீங்களே சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து."

"கோயிலுக்குப் போகாத செவ்வாய்?"

அம்மா என்னைப் பார்க்காமல், "போன மாசம் முட்டிவலி. ரெண்டு வாரம் போகல," என்றார்.