எச்சிகோ யூசாவா போன்ஷுகான்: ஐந்து நாணயத்தில் நீகாத்தாவின் தண்ணீர்

ஜப்பானில் நீகாத்தா பக்கம் போகிறவர்கள் எச்சிகோ யூசாவாவில் கட்டாயம் இறங்குங்கள். பனிச்சறுக்கில் ஆர்வம் இல்லாவிட்டாலும் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கும் போன்ஷுகான் என்ற சாகே (அரிசி மது) சுவைக்கும் கூடத்துக்காக இறங்கலாம், டோக்கியோவிலிருந்து ஷிங்கான்செனில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. கவுண்டரில் 500 யென் கொடுத்தால் (நான் போனபோது அதுதான் விலை) ஒரு சின்னக் கிண்ணமும் ஐந்து நாணயமும் தருவார்கள். உள்ளே சுவர் நெடுக குட்டி இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாகே, எல்லாமே நீகாத்தா மாகாணத்து ஆலைகளில் காய்ச்சியது. கிண்ணத்தை வைத்து நாணயத்தைப் போட்டு பொத்தானை அழுத்தினால் ஒரு மடக்கு விழும். உயர்ந்த ரகம் சிலவற்றுக்கு ஒரு நாணயம் போதாது. ஜப்பானில் குடிக்கும் வயது 20, வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் கிடையாது.

பலரும் சுவரில் எது பிரபலமோ அதை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். என் யோசனை வேறு. நாணயத்தை அரிசி பார்த்துச் செலவு செய்யுங்கள். முதலில் கொஹ்யாக்குமங்கொக்கு அரிசியில் செய்தது ஒன்று, அப்புறம் கொஷிதன்ரே, அப்புறம் யமதா நிஷிக்கி. எந்த அரிசி என்று தெரியவில்லையென்றால் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கொஹ்யாக்குமங்கொக்கு நீகாத்தாவின் சொந்த ரகம், 1957இல் பெயர் வைத்தார்கள். இதில் செய்த சாகே நாக்கில் நிற்காது, சுத்தமாக வந்து சுத்தமாகப் போய்விடும். ஆனால் இந்த அரிசியின் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதி பெரியது, பாதிக்கு மேல் தீட்டினால் உடைந்துவிடும். அதற்காகவே இதையும் யமதா நிஷிக்கியையும் சேர்த்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொஷிதன்ரேயை உருவாக்கினார்கள். மூன்றையும் அடுத்தடுத்து வாயில் வைத்தால் அதே சுத்தத்தின் மேல் கொஞ்சம் சதைப்பற்று ஏறுவது தெரியும். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள், வெள்ளரிக்காயும் மிசோவும் (சோயா விழுது) வாங்கிக்கொள்ளுங்கள்.

அரிசி மாறினாலும் அந்தச் சுத்தம் மாறவில்லையே, அது எங்கிருந்து வருகிறது? வெளியே தெரிகிற மலையிலிருந்துதான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து எச்சிகோ மலைகளில் மோதி, இங்கே பனியாகக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு டோக்கியோ பக்கம் இறங்குகிறது. கொட்டிய பனி வசந்தத்தில் உருகி, செங்குத்தான சரிவுகளில் சீக்கிரம் இறங்கிவிடுவதால் பாறையின் தாதுக்கள் அதில் அதிகம் கரைவதில்லை. அதனால் தண்ணீர் மென்மையானது. ஈஸ்டுக்குத் தீனி குறைவு, நொதித்தல் மெதுவாக நடக்கும். போதாக்குறைக்கு ஆலையைச் சுற்றிப் பனி மூடியிருப்பதால் குளிரும் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கும். சாகேயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதை நினைத்துக்கொண்டு குடித்தால் எல்லாம் புரிந்துவிடும்.

இதை முழுசாக உணர ஒருமுறை கோபே பக்கம் நதா என்ற சாகே வட்டாரத்துக்கும் போய் வாருங்கள். அங்கே நிஷினொமியாவில் மியாமிசு என்று ஒரு கிணற்று நீர், ஜப்பானியத் தண்ணீருக்குக் கடினமானது, பாஸ்பரஸும் பொட்டாசியமும் நிறைய, சாகேயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் இரும்பு மட்டும் மிகக் குறைவு. 1840இல் யமமுரா தசாஎமோன் என்ற ஆலைக்காரர், தன்னுடைய இரண்டு ஊர் ஆலைகளில் நிஷினொமியாவில் மட்டும் சாகே ஏன் சிறப்பாக வருகிறது என்று பார்த்து, கடைசியில் அந்தத் தண்ணீரையே மற்ற ஆலைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சி, காரணம் தண்ணீர்தான் என்று கண்டுபிடித்தார். எனக்கு இந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. நதா சாகே விறைப்பாக, எலும்போடு இருக்கும், நீகாத்தா சாகே அப்படி இருக்கவே முடியாது, இருக்க வேண்டியதும் இல்லை.

மறுபடி போன்ஷுகானுக்கு. சாகே மட்டும் போதாது, அதே ஸ்டேஷனில் யுகிந்தோ என்ற கடையில் கொஷிஹிகாரி என்ற சாப்பாட்டு அரிசியில் பிடித்த சோற்று உருண்டை கிடைக்கும், அதையும் சாப்பிட்டால்தான் இந்த ஊரைச் சாப்பிட்ட கணக்கு. ஒரு உருண்டைக்கு ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 150 கிராம் அரிசியை வேகவைத்தது, ஒருவருக்குத் தாராளம். உள்ளே சால்மன் மீனோ உமேபோஷியோ (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) எது வேண்டுமோ சொல்லுங்கள். கடிக்கும்போது பாருங்கள், ஒவ்வொரு பருக்கையும் தனியாகப் பளபளவென்று தெரியும், ஆனால் பிரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், மெல்ல மெல்ல இனிக்கும். யூசாவாவைச் சேர்த்த இந்த உஓனுமா பகுதியில் கதிர் முற்றும் காலத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் நன்றாக வித்தியாசப்படும். பகலில் பயிர் சேர்த்த மாவுச்சத்தை இரவில் அதிகம் செலவழிக்காமல் மணியிலேயே வைத்துக்கொள்கிறது. மென்மையான தண்ணீரில் வேகவைப்பதும் உதவுகிறது, சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் இதே அரிசி விறைத்துவிடும்.

அந்த இரவுக் குளிரை நம்பியிருப்பதுதான் இப்போது கவலை. 2023 கோடையில் வெயில் தாங்காமல் நீகாத்தா கொஷிஹிகாரியில் முதல் தரம் பெற்றது சுமார் 5% மட்டுமே, நல்ல வருடங்களில் முக்கால் பங்குக்கு மேல் தேறும். மணிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயின. சாகேக்காரர்களுக்கு வேறு தொல்லை, சூட்டில் முற்றிய அரிசி தொட்டியில் சரியாகக் கரைவதில்லை. தண்ணீரும் பனியும் அப்படியே இருந்தாலும் ஆகஸ்ட் மாதம் மாறிவிட்டால் ருசி மாறும்.

டோக்கியோவில் ஒரு மதுக்கடையில் எல்லா சாகேயையும் ஐஸ் மாதிரி குளிரவைத்துக் கொடுத்தார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. போன்ஷுகானில் கிண்ணத்தை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து குடியுங்கள். பிடித்தது எது என்று முடிவானதும் பக்கத்துக் கடையில் சின்ன பாட்டிலாக வாங்குங்கள், குளிர்காலத்தில் வரும் புதுச் சரக்கு கிடைத்தால் அதையே எடுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் காலி செய்துவிடுங்கள். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.