அப்பாவின் ஜனதாவும் சந்துக்குள் ஒரு ஸ்டூலும்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு மேசை விளக்கு. பலகையில் 'வாட்ச் ரிப்பேர்' என்று மட்டும் இருக்கும். நான் இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

கொண்டுபோனது அப்பாவின் எச்எம்டி ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். அதற்கு முன் ஒரு ஷோரூமில் பின்மூடியைக்கூடத் திறக்காமல், "இதுக்குப் பார்ட்ஸ் வராது, புதுசு பாருங்க" என்றுவிட்டார்கள். பாதி உண்மைதான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. 2016இல் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் பழைய வாட்ச்சுகளின் மெஷின்களிலிருந்து உதிரி எடுக்கலாமே! என் வாட்ச்சுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தது, அவ்வளவுதான்.

கடைக்கார அண்ணன் அதைப் பிரிப்பதை ஒரு மணி நேரம் நின்றே பார்த்தேன். முதலில், சாவி கொடுத்தால் சுருண்டு இறுகுகிற மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்ல இறக்கினார். இல்லையென்றால் பிரிக்கும்போது சக்கரங்கள் விருட்டென்று சுழன்று பல் உடையுமாம். பிறகு ஒவ்வொன்றாகச் சிமிட்டாவில், அதாவது சின்ன இடுக்கியில், எடுத்து, பெட்ரோலில் கழுவி, மூடிக்கு அடியில் வைத்தார். 17 கல் என்று டயலில் போட்டிருப்பது எதற்கு என்று அன்றுதான் புரிந்தது: அச்சுகள் தேயாமல் சுழல வைத்த செயற்கை மாணிக்கக் கற்கள். ஊசி முனையில் நிற்கிற அளவுதான் எண்ணெய். கூடினால் வழிந்து அழுக்கை இழுக்கும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீலைப் பொருத்தியதும் அது தானாக ஆட ஆரம்பித்தது. நொடிக்கு ஐந்து டிக்.

நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள். அவரும் பதினோரு வருஷம் சென்னையில் ஒரு பைனான்ஸ் ஆபீஸில் இருந்தவராம். அவருடைய அப்பாவுக்குக் கண் தெரியாமல் போனதும் கடைக்கு வந்திருக்கிறார். "அங்க ஒரு ரிப்போர்ட்டை ஏழு தடவை திருத்தச் சொல்லுவாங்கம்மா. எட்டாவது தடவை, முதல்ல இருந்ததே போதும்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் எனக்கு நடந்தது. வருமானம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை, கழுத்துவலி வேறு, திரும்பிப் போவீங்களா அண்ணே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வாட்ச்சை என் காதில் வைத்தார்.

டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஆன்லைனில் பளபளவென்று விற்கிற பல ஜனதாக்கள் அப்படி மறுபெயின்ட் அடித்தவைதானாம். அப்பாவின் டயலில் இருக்கிற பழுப்பு அப்படியே இருக்கட்டும் என்றார். நல்லவேளை.

குறையும் உண்டு. ஒரு வாரம் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். போன் எடுப்பதே இல்லை. பில் கிடையாது, ஒரு துண்டுச்சீட்டுதான், அதைத் தொலைத்துவிடாதீர்கள். அவசரமாக பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் வேறு கடைக்குப் போங்கள். சர்வீஸுக்கும் புதுக் கண்ணாடிக்கும் சேர்த்து 650 ரூபாய்.

இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிஷம் பிந்துகிறது. சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதைச் சரிசெய்யக் காசு வேண்டாமாம். இந்தத் தடவை எனக்கும் ஒரு ஸ்டூல் கேட்க வேண்டும்.