மதுரையில் மருத்துவப் படிப்பு ஆலோசனை: 2,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

திண்டுக்கல்லில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என் மகளைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா டாக்டருக்குத்தானே படிக்கப் போகுது?" 2022 ஜனவரியில் எங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, "உள்ளூர்லயே காலேஜ் இருக்கு, அப்புறம் என்ன யோசனை?" என்பதும் சேர்ந்துகொண்டது. அவளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று சொல்ல வேண்டிய நேரம் வந்தது. இது அவள் ஆசையா, எங்கள் ஆசையா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு நீட் பயிற்சி மையத்தின் இலவச ஆலோசனைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட், கலர் பிரிண்டில் ஒரு ரிப்போர்ட், மருத்துவத்துக்கு மிகவும் பொருத்தமான பிள்ளை என்று ஒரு வரி. அடுத்த தாளே இரண்டு வருடக் கோர்ஸுக்கான கட்டண விவரம். அங்கே யாரும் அவளிடம் ஏன் டாக்டர் என்று கேட்கவே இல்லை. 720 மார்க்கில் எவ்வளவு எடுக்க முடியும் என்பதைத்தான் பேசினார்கள்.

எனக்குப் பழக்கமான மெடிக்கல் ரெப் ஒருவர் சொல்லித்தான் மதுரைக்குப் போனோம். எஸ்.எஸ். காலனியில் ஒரு வீட்டு மாடி, போர்டுகூடக் கிடையாது. அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் அம்மா ஒருவர் நடத்துகிறார். குடும்பத்துக்கு 2,500 ரூபாய். இரண்டு முறை உட்கார்ந்து பேசுகிறார். நடுவில் ஒரு நாள், அவரிடம் படித்த டாக்டர் ஒருவரின் நர்சிங் ஹோமில் பிள்ளை இருந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்து, "நீங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசாம கேளுங்க" என்று சொல்லிவிட்டார். பிறகு மகளிடம், "ஆஸ்பத்திரியில எதைப் பார்த்தும்மா உனக்கு ஆசை வந்துச்சு?" என்றார். அப்பத்தாவுக்கு டயாலிசிஸ் செய்யும்போது பக்கத்தில் இருந்ததைச் சொன்னாள். மெஷினில் ஓடும் எண்கள் எதற்கு, எதைப் பார்த்து எதை மாற்றுகிறார்கள் என்று அப்போது யோசித்தாளாம். எங்களிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. டாக்டர் அதையே பிடித்துக்கொண்டார். அந்த மெஷினை ஓட்டுவது டயாலிசிஸ் டெக்னீஷியன், ஊசி போட்டுப் பக்கத்திலேயே நிற்பது நர்ஸ், எத்தனை மணி நேரம், எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது சிறுநீரக மருத்துவர். இந்த மூன்றில் உன் மனசு எதில் என்று கேட்டார்.

சிறுநீரக மருத்துவர் என்றாள். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டார். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம். அதன் பிறகு நீட் பி.ஜி. எழுதி எம்.டி. மூன்று வருடம், மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு, சிறுநீரகத்துக்கென்றே டி.எம். என்ற மேல் படிப்பு மூன்று வருடம். எங்கும் ஒரு வருடம்கூட வீணாகாமல் போனாலே பதினொன்றரை வருடம். கோட்டுக்கு மேலே அவள் வயது, கீழே என் வயது. அவளுக்கு 30 ஆகும்போது எனக்கு 61. அதுவரை கடையை நான் நடத்துவேனா, வீட்டுக்கு அவள் சம்பளம் எப்போது தேவைப்படும் என்று என்னிடமே நேராகக் கேட்டார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்து கடையில் பில் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நர்சிங் ஹோமில் இருந்த நாள்தான் இந்தச் சேவையின் உயிர். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதாஸ்கோப் எதுவும் கிடையாது. ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவதில்லை. "பள்ளிக்கூடப் பிள்ளை, பக்கத்தில் இருக்கலாமா?" என்று நோயாளியிடம் கேட்டு, சரி என்றவர்களிடம் மட்டும் இருக்க விடுகிறார்கள். காலையில் டிரெஸ்ஸிங் ரூம். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த பெரியவர் ஒருவருக்குக் கட்டுப் பிரித்தார்களாம். சலைன் ஊற்றி ஊற்றி, ஒட்டிப்போன துணியை நர்ஸ் அங்குலம் அங்குலமாக எடுக்க, அந்த வாடையில் இவளுக்குக் குமட்டியிருக்கிறது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, தானாகவே திரும்பி வந்து நின்றிருக்கிறாள். மத்தியானம் ஓ.பி.யில் டாக்டர் பக்கத்தில் இருந்தபோது பார்த்ததெல்லாம், ஒரே அறிவுரையை ஆள் மாற்றி ஆளுக்குச் சொல்வது. மாத்திரையை நிறுத்தாதீங்க, செருப்பில்லாம நடக்காதீங்க. அதைத்தான் அவள் தாளில் அதிகம் எழுதியிருந்தாள். நேரம், பார்த்தது, தோன்றியது என்று மூன்று கட்டம் போட்ட தாள் அது.

இரண்டாவது முறை அந்தத் தாளை வைத்தே பேசினார். புண்ணைப் பார்த்துக் குமட்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது பழகிவிடும் என்றார். சொன்னதையே சலிக்காமல் திரும்பச் சொல்ல முடியுமா என்பதைத்தான் நெடுநேரம் கேட்டார். அப்புறம் எங்களைப் பார்த்து, நீட் எத்தனை முறை எழுதுவது என்பதை ரிசல்ட் வந்த வாரத்தில் பேசாதீர்கள், இன்றே பேசுங்கள் என்றார். பிளஸ் டூவோடு ஒரு முறை, தேவைப்பட்டால் இன்னும் ஒரே முறை என்று அங்கேயே முடிவானது. அதைச் சொன்னது என் மகள். குரூப்புக்கு பயோ-மேத்ஸ் எடுக்கச் சொன்னார், இன்ஜினீயரிங் வழியும் திறந்திருக்கும். கால்நடை மருத்துவத்தில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களும், பி.எஸ்சி. நர்சிங்கும் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் என்பதை நினைவுபடுத்தினார். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றியும் பக்கத்தில் காத்திருந்த குடும்பத்துக்கு நன்றாக விளக்கினார்.

குறைகளும் உண்டு. பண விஷயம் மேலோட்டம்தான். சுயநிதிக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் என்று சொன்னாரே தவிர, விடுதி, புத்தகம், கல்விக் கடன் பற்றிப் பேச்சே இல்லை. வெளிநாட்டுப் படிப்பைக் கேட்டபோது அது தனக்குத் தெரியாத துறை என்று சொல்லிவிட்டார். நேர்மையான பதில்தான், ஆனால் கேட்டு வருகிற பெற்றோர் நிறைய. படிப்பே குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.ஈ. தேர்வில் 300-க்கு 150 எடுத்துத் தேற வேண்டும் என்ற அளவுக்காவது ஒரு தாள் அடித்துக் கொடுக்கலாம். காத்திருக்க இடமும் போதாது, மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். சந்திப்பு ஞாயிறு மட்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் போவதுதான் சரி. நீட் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அங்கே கிடைப்பதில் பாதிதான் பயன்படும். திண்டுக்கல் பக்கமிருந்து போகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். முன்கூட்டியே போன் செய்து நாள் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா அப்பா இருவரும் வந்தால்தான் பேசுவார்.