பொள்ளாச்சி – வால்பாறை லோடுக்கு தோஸ்த் ப்ளஸ்: டீசல் வண்டி பற்றிக் கேட்டதும் கண்டதும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றுவதுதான் என் தொழில். அதற்காக வாங்கியது அசோக் லேலண்ட் தோஸ்த் ப்ளஸ் என்ற சின்ன லோடு வண்டி, பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல். மலை லோடுக்கு இது அருமையான வண்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் வாங்கும்போது டீசல் வண்டியைப் பற்றி ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளை நம்பி ஓட்டினால் நல்ல வண்டியும் பாழாகிவிடும்.

மூணு சிலிண்டர், 1.5 லிட்டர், மலையில் திணறும் என்றார்கள். திணறவில்லை. 80 குதிரைத்திறன்தான், ஆனால் 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றரை டன்னோடு இரண்டாவது கியரில் நிதானமாக ஏறுகிறது. ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிக்கத் தேவையே இல்லை. கரும்புகை கக்கினால்தான் இன்ஜினில் தெம்பு இருக்கிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. அந்தப் புகை எரியாமல் போன டீசல், அதாவது நம் காசு.

இறக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று அனுபவசாலி டிரைவர்களே சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தே ஆக வேண்டும். அதோடு இன்ஜின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். அத்தனை வளைவுக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, பிரேக் பிடிக்காத நிலை வரும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் சரி. தோஸ்த் அப்படி இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்கும் வேலை நன்றாகவே குறைகிறது.

அடுத்தது சைலன்சரில் இருக்கும் டிபிஎஃப், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். பிஎஸ்6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் இது இருக்கும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் ஓடவிடுவது நல்லது என்ற பழைய பழக்கம் இதற்கு ஆகவே ஆகாது. ஃபில்டரில் சேரும் கரி எரிந்து போக சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு வராது, கரிதான் சேரும். டேஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதறிப் பட்டறைக்கு ஓடாமல், முதலில் கோவை ரோட்டில் ஒரே வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் அடிக்கடி வண்டியை நிறுத்தினால் ஃபில்டரைச் சூடாக்கத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். அளவுக்கம்பியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும், அது எரிந்து போகாது.

பத்து வருஷத்தில் டீசல் வண்டி காயலான் கடைக்குத்தான் என்றும் ஒரு பயம். அந்தப் பத்து வருஷக் கெடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதிக்கும் வந்தது. இங்கே எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), அப்புறம் வருஷா வருஷம். வாடகை, லோடு வண்டி ஓட்ட லைசென்ஸில் தனியாக வாங்கும் பேட்ஜ் பற்றியும் கேட்கிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த வண்டி லோடோடு சேர்த்தும் அதில் பாதி வராது.

டீசல் என்றாலே லாபம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பெரிய விலை வித்தியாசம் இல்லை. மலைக்கும் வெளியூருக்கும் தினமும் லோடு இருப்பவர்கள் இதையே எடுங்கள். பொள்ளாச்சி டவுனுக்குள் காந்தி மார்க்கெட்டிலிருந்து நாலு கடைக்குக் காய்கறி இறக்குவதுதான் வேலை என்றால் டீசலே வேண்டாம், சிஎன்ஜி வண்டி பாருங்கள்.